முதலாளி வந்தால் போகும் லைன்

அலுவலகத்தில் கேபிள் இழுக்கப்போகிறார்கள் என்று தெரிந்த அன்று மாலையே, டைப் அடிக்கும் அக்கா என் மேஜைப் பக்கம் வந்து நின்றார். கையில் காலி டம்ளர். தண்ணீர் பிடிக்க வந்தவர் மாதிரி நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“இந்த ஒயரப் போட்டா, உள்ள உக்காந்துகிட்டே அவரு நம்ம மிஷின்ல இருக்கறத எல்லாம் பாத்துருவாரா?”

அவர் என்றால் முதலாளி. உள்ளே என்றால் கறுப்புக் கண்ணாடி போட்ட அவருடைய அறை. அந்தக் கண்ணாடி வழியாக அவர் எங்களைப் பார்க்கலாம், நாங்கள் அவரைப் பார்க்க முடியாது. அவர் உள்ளே இருக்கிறாரா என்பதையே கதவோரம் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம்.

“ஷேர் பண்ண ஃபோல்டர் மட்டுந்தான்க்கா தெரியும். மத்தது தெரியாது.”

“யாரு ஷேர் பண்றது?”

“நாந்தான்.”

அக்கா அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். “ஓ” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். தண்ணீர் பிடிக்கவில்லை.

நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே, வடலூர் போகும் சாலையில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். சுரங்கத்துக்கு ஜீப்பும் வேனும் ஷிப்ட் ஆட்களை ஏற்றும் பஸ்ஸும் கான்ட்ராக்டில் ஓட்டுவது எங்கள் முதலாளியின் தொழில். எந்த வண்டி எந்த ஷிப்டில் எவ்வளவு தூரம் ஓடியது என்று எழுதி, பில் போட்டு அனுப்புவதுதான் எங்கள் மொத்த வேலை. அக்கா கடிதங்களும் பில்லும் அடிப்பார். கணக்கர் கணக்குப் பார்ப்பார். நான் வண்டிகளின் ஓட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். மூன்று மேஜை, மூன்று கம்ப்யூட்டர், எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிரிண்டர்.

எனக்குக் குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்து ஊர். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு வேலை கிடைக்குமா கிடைக்காதா என்று எங்கள் பக்கத்தில் எப்போதும் பேச்சு நடக்கும். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். கொடுப்பதற்கு எங்களிடம் நிலமே இருந்ததில்லை. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு, பர்மனென்ட்டும் இல்லாமல் கான்ட்ராக்ட்டும் இல்லாமல், வாய்ச்சொல்லில் கிடைத்த இந்த வேலையில் சேர்ந்திருந்தேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் இளையவள் நான்தான், கடைசியாக வந்தவளும் நான்தான். அப்படிப்பட்டவளின் கையில் எல்லோருடைய மிஷினையும் ஒன்றோடொன்று கட்டும் வேலை வந்தால் மற்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்று இன்று யோசித்தால் புரிகிறது. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

காரணம் சாதாரணமானதுதான். ஒரே பில் மூன்று மிஷினில் மூன்று விதமாக இருந்தது. ஒருவர் திருத்துவார், இன்னொருவர் பழையதையே பிரிண்ட் எடுப்பார். பென் டிரைவ் கைமாறிக்கொண்டே இருக்கும், அதோடு வைரஸும் மாறும். ஒருமுறை விற்றுவிட்ட ஜீப்பின் நம்பரோடு பில் போய், சுரங்க அலுவலகத்தில் முதலாளியை நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் நெட்வொர்க் போடுவது என்று முடிவெடுத்துவிட்டார்.

கணக்கர் முதலாளியின் அப்பா காலத்து ஆள். வடலூரில் வீடு. வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு விரலால் தட்டினாலும் தப்பில்லாமல் தட்டுவார். கணக்கு அறை பீரோவின் சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். என்னைப் பாப்பா என்று கூப்பிடுவார். கேபிள் விஷயம் கேட்டதும் அவர் சத்தம் போடவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

“நான் போட்ட கணக்கு என் மிஷின்ல இருக்குது. தப்புன்னா நான் பொறுப்பு. எல்லாரும் தொறந்துகினு மூடிகினு இருந்தா, நாளைக்கி ஒரு தப்பு வந்தா யாரைப் புடிக்கறது?”

“அதுக்கு பாஸ்வேர்டு போடலாம் சார்.”

“பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?”

எனக்கு, என்று சொல்லவேண்டியிருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

கேபிள் இழுப்பதற்கு முந்தின நாள் அலுவலகம் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. எல்லோரும் தங்கள் தங்கள் மிஷினில் எதையோ அழித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவிடம் இருந்தது கல்யாண பயோடேட்டாக்கள். டவுன்ஷிப்பில் எல்லா மாவட்டத்து ஆட்களும் இருக்கிறார்கள். சொந்த ஊரில் வரன் தேடுவதற்கு அவருடைய சர்ச் ஆட்கள் மகனுடைய, மகளுடைய விவரத்தை இவரிடம்தான் கொடுத்து அடிக்கச் சொல்வார்கள். சும்மா இருக்கும் நேரத்தில் ஆபீஸ் மிஷினில் அடித்து, ஆபீஸ் பிரிண்டரில் எடுத்துக் கொடுப்பார். அதையெல்லாம் பென் டிரைவில் ஏற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். கணக்கர் எதை அழித்தார் என்று தெரியாது. சீட்டுக்கட்டு விளையாட்டாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். என் மிஷினிலும் நான் வேறு வேலைக்கு எழுதிப்போட்ட விண்ணப்பங்கள் இருந்தன. அவற்றை நானும் அழித்தேன்.

அன்று பிற்பகல் முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். அதற்கு முன்பு ஒருநாளும் என்னை உட்காரச் சொன்னதில்லை.

“ஏம்மா, இதெல்லாம் போட்டு முடிச்சப்புறம், இங்கருந்தே அவங்க ஸ்கிரீன்ல என்ன ஓடுதுன்னு பாக்க முடியுமா?”

“அது நெட்வொர்க்ல வராது சார். அதுக்குத் தனியா சாப்ட்வேர் போடணும்.”

“போட்டா தெரியுமா?”

“தெரியும் சார்.”

“சரி. இது நமக்குள்ள இருக்கட்டும்.”

வெளியே வந்தபோது இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கதவு சாத்தியிருந்த நேரத்தை அவர்கள் மனதில் கணக்குப் போட்டிருப்பார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். சொல்லாமல் இருந்ததால், அக்கா முதலில் கேட்ட கேள்விக்கு நான் பொய் சொல்லிவிட்டது போல எனக்கே தோன்றியது.

கேபிள் போட வந்த டெக்னீசியன் கடலூர்க்காரர். பேசாமல் வேலை செய்யும் ஆள். சுவரோரமாக ஒயரை ஓட்டி, முனையில் கிளிப்பை வைத்து அழுத்தி, எல்லா ஒயரையும் பிரிண்டருக்குப் பக்கத்தில் வைத்த ஒரு சின்னப் பெட்டியில் கொண்டுபோய்ச் செருகினார். அந்தப் பெட்டியில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டின. ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு நம்பர் கொடுத்தார். அந்த நம்பரை வைத்துத்தான் மிஷின்கள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். கணக்கரின் மேஜை முதலில் இருந்ததால் முதல் நம்பர் அவருடைய மிஷினுக்குப் போனது. முதலாளி அறைக்கும் ஒரு ஒயர் விட்டார். முதலாளிக்கு வாங்க இருந்த லேப்டாப் அன்றைக்கு இன்னும் வந்திருக்கவில்லை. அப்புறம் செருகிக்கொள்ளலாம் என்று ஒயரின் முனையை மேஜைமேல் சுருட்டி வைத்துவிட்டு டெக்னீசியன் போய்விட்டார்.

முதல் வாரம் நன்றாகவே ஓடியது. அக்கா தன் இடத்திலிருந்தே பிரிண்ட் கொடுத்தார். அந்தப் பக்கம் பிரிண்டர் தானாக முனகி, காகிதத்தைத் தள்ளியது. முதல் தடவை அதைப் பார்த்து அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. ஆனால் பிரிண்டர் முதலாளி அறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. தான் போய் எடுப்பதற்குள் வேறு யார் கண்ணில் படுமோ என்ற யோசனை அவருக்கு மறுநாளே வந்துவிட்டது. பட்டனை அழுத்திவிட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவார். மின்வாரியத்துக்கு எழுதின கடிதத்துக்கும் அதே ஓட்டம்தான்.

பிறகு கணக்கரின் லைன் அறுந்துபோக ஆரம்பித்தது.

காலையில் எல்லாம் சரியாக இருக்கும். பொது ஃபோல்டர் திறக்கும், பிரிண்ட் போகும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதலாளி வருவார். அதன்பின் கொஞ்ச நேரத்தில் கணக்கரின் மிஷின் மட்டும் தனியாகிவிடும். அக்காவுடையதும் என்னுடையதும் ஒழுங்காக இருக்கும். முதலாளி சைட்டுக்குக் கிளம்பிப் போனபின், மிஷினை ஒருமுறை நிறுத்திப் போட்டால் சரியாகிவிடும். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, தொடர்ந்து இப்படியே நடந்தது.

முதலாளி அதை ஒருவிதமாகப் புரிந்துகொண்டார். உள்ளேயிருந்து பொது ஃபோல்டரைத் திறந்து கணக்கைப் பார்க்க நினைக்கும்போதெல்லாம் கணக்கு மிஷின் இல்லை என்று வருகிறது. தான் போனபின் மறுபடி வந்துவிடுகிறது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“அவரே ஒயரப் புடுங்கிடறாரா?”

“தெரியல சார். கேபிள்ல ஏதாவது இருக்கும்.”

“உன்னுது போகல. அந்தம்மாவுது போகல. அவருக்கு மட்டும் போகுதுன்னா?”

கணக்கர் வேறுவிதமாகப் புரிந்துகொண்டார். பெட்டியைத் தாண்டி ஒரு ஒயர் முதலாளி அறைக்குள் போவது அவருக்குத் தெரியும். “அவரு உள்ள போனதும் எனக்குத்தான் கட்டாவுது. உள்ளாருந்து நிறுத்தறதுக்கு ஏதாச்சும் குடுத்துக்கீறியா பாப்பா?” என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். “பின்ன எப்பிடி?” என்றார். பதில் இல்லாதவள் எதையோ மறைக்கிறாள் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து கணக்குகளைப் பென் டிரைவில் ஏற்றிச் சட்டைப் பையில் சாவியோடு போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இதில் நான் ஒன்றும் மேலானவள் இல்லை. டெக்னீசியனுக்குப் போன் செய்தேன். கிளிப் சரியாக அழுத்தியிருக்காது, மாற்றிப் பாருங்கள் என்றார். மாற்றினேன். போகிற லைன் போய்க்கொண்டுதான் இருந்தது. ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வரும்போது, கணக்கர் மேஜைக்கடியில் குனிந்து, ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் விட்டுவிட்டு நிமிர்ந்தார். “லூசா கீதான்னு பாத்தன்” என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆனால் அன்றைக்கு எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அவருக்கு இந்த நெட்வொர்க் பிடிக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். பிடிக்காத ஒன்றை ஓடவிடாமல் செய்ய ஒரு ஒயரை உருவினால் போதாதா என்று நினைத்தேன். மாலையில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதே நினைப்புதான்.

ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி வெளியே வந்தார். எங்கள் முன்னாலேயே, கணக்கரைப் பார்த்து, “பீரோ சாவிய குடுத்துருங்க” என்றார்.

கணக்கருக்கு முதலில் புரியவில்லை. “என்னா எடுக்கணும் சார், நான் எடுத்துத் தர்றன்.”

“எடுக்க ஒண்ணுமில்ல. சாவி என்கிட்ட இருக்கட்டும்.”

கணக்கர் பையில் கைவிட்டார். பென் டிரைவும் சாவியும் சேர்ந்து வந்தன. சாவியை மட்டும் பிரித்துக் கொடுத்தார். முதலாளியின் பார்வை பென் டிரைவில் நின்றது. ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். கணக்கர் அன்று சாயங்காலம் வரை மிஷினில் ஒரு எழுத்தும் தட்டவில்லை. அக்கா ஒரு டம்ளரில் டீயை ஊற்றி அவர் முன்னால் வைத்தார். அது ஆடை கட்டிக் கிடந்தது.

அதற்கடுத்த வாரம் முதலாளி குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போனார். அவர் இல்லாத நாட்களில் கணக்கரின் லைன் ஒருமுறைகூடப் போகவில்லை. “பாத்தியா பாப்பா” என்றார் கணக்கர். “கட் பண்றதுக்கு ஆள் இல்ல, கட்டாவல.” அக்கா பிறகு என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், “மறைக்கிறதுக்கு ஆள் இல்ல, அதான் புடுங்கல” என்றார். இரண்டும் சரியாகத்தான் பட்டது. ஒரே விஷயம் இரண்டு பேர் சொல்வதற்கும் பொருந்தினால், இரண்டு பேருமே சொல்லாத மூன்றாவது ஒன்று இருக்கவேண்டும் என்று எனக்கு அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது.

முதலாளி திரும்பி வந்த அன்று நான் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் லேப்டாப் பையோடு உள்ளே போனார். அந்த லேப்டாப் வந்ததிலிருந்து தினமும் கொண்டுவருவார், தானே ஒயரைச் செருகிக்கொள்வார், யாரையும் தொடவிட மாட்டார். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. மின்வெட்டு கடுமையாக இருந்த வருடங்கள் அவை. டவுன்ஷிப்புக்குள் ஃபேன் நிற்காது. கேட்டுக்கு இந்தப் பக்கம் எங்களுக்குப் பகலில் பலமுறை போகும். ஜன்னலில் அனல் மின் நிலையத்துப் புகை தெரியும், தலைக்குமேல் ஃபேன் நின்றிருக்கும். அலுவலகத்தில் யூபிஎஸ் இல்லை. எங்கள் மிஷின்கள் அணைந்தன. கரண்ட் வந்ததும் மூன்றையும் போட்டோம். கணக்கரின் லைன் மட்டும் வரவில்லை.

“சார், நான் உக்காந்து பாக்கட்டுமா?” என்று கேட்டேன்.

அவர் எழுந்து நாற்காலியைவிட்டு நகர்ந்து, சுவரோரமாகப் போய் நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். நான் மிஷினை மறுபடி நிறுத்திப் போட்டேன். திரையின் வலதுபக்க மூலையில் ஒரு சின்ன மஞ்சள் பெட்டி எழும்பியது.

“இது எப்பவும் வருமா சார்?”

“வரும். நான் மூடிடுவன். இங்கிலீசுல எதாச்சும் வந்தா வைரசு, படிக்காம மூடுன்னு நீதான் சொன்ன.”

சொன்னது உண்மைதான். பென் டிரைவ் காலத்தில் சொன்னது. இந்த முறை படித்தேன். இந்த மிஷினின் நம்பரையே இதே நெட்வொர்க்கில் இன்னொரு மிஷினும் வைத்திருக்கிறது என்று அதில் இருந்தது.

அக்காவின் மிஷினைப் பார்த்தேன், நம்பர் வேறு. என்னுடையது வேறு. மீதி இருந்தது உள்ளே இருந்த ஒன்றுதான்.

கதவைத் தட்டினேன். லேப்டாப்பைப் பார்க்கவேண்டும் என்றேன். முதலாளி திரையைப் பாதி மூடினார்.

“எதுக்கு?”

“கணக்கு சார் லைன் போறதுக்குக் காரணம் இதுவா இருக்கலாம் சார்.”

“நீ அவருக்குப் பேச வந்திருக்கியா?”

“இல்ல சார். ஒரு நம்பர மட்டும் பாத்துட்டுப் போயிடறேன்.”

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். பார்த்தேன். கணக்கரின் மிஷினுக்கு டெக்னீசியன் கொடுத்த அதே நம்பர், ஒரு புள்ளிகூட மாறாமல் அங்கே இருந்தது. லேப்டாப்பை வாங்கிக் கொடுத்து, வீட்டு இன்டர்நெட்டுக்குச் சரிசெய்து கொடுத்தவர் அவருடைய மச்சான். ஒரே பிளாக்கில் இரண்டு குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு ஒரே நம்பரை எழுதினால் தபால் யாருக்குப் போகும், அந்த மாதிரிதான் சார் என்று விளக்கினேன். கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் கரண்ட் வரும்போது நம்பரை முதலில் பிடித்துக்கொள்வது அதுதான். கணக்கரின் மிஷின் பிறகு எழுந்து வந்து கேட்கும். ஆள் இருக்கிறார் என்று தெரிந்ததும் ஒதுங்கிவிடும்.

“அதெப்படி, அவர் நம்பரே இதுக்கு வரும்?”

“டெக்னீசியனும் உங்க மச்சானும் ரெண்டு பேருமே பத்துலருந்து ஆரம்பிச்சிருக்காங்க சார். நிறைய பேர் அப்படித்தான் போடுவாங்க. அவருக்கு இவரத் தெரியாது, இவருக்கு அவரத் தெரியாது.”

“மாத்து.”

மாற்றினேன். வெளியே போய்க் கணக்கரின் மிஷினை நிறுத்திப் போட்டேன். பொது ஃபோல்டர் திறந்தது. உள்ளே வந்து, முதலாளியின் கண் முன்னாலேயே, அவருடைய லேப்டாப்பிலிருந்து கணக்கைத் திறந்து காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. என் கண் திரையில் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏனென்றால் அங்கே ஓரத்தில் கண் மாதிரி ஒரு படம் இருந்தது. என்ன சாப்ட்வேர் என்று எனக்குத் தெரியும். கல்லூரி லேபில் மாணவர்களின் திரையைப் பார்க்க எங்கள் சார் அதைத்தான் வைத்திருந்தார்.

“அது மச்சான் போட்டுக் குடுத்தது” என்றார். “வேலை செய்யல.”

“செய்யாது சார். அவங்க மிஷின்லயும் போட்டாத்தான் தெரியும்.”

கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“போட்டுரலாமா?”

போடமாட்டேன் என்று சொல்லும் தைரியம் என்னிடம் இருக்கவில்லை. “போடலாம் சார்” என்றேன். “அவங்ககிட்ட சொல்லிட்டுப் போடறேன்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமா, வேறு எதுவுமா என்று தெரியவில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, “வேண்டாம், போ” என்றார். அந்தப் பேச்சை அவர் அதன்பின் எடுக்கவே இல்லை. ஆனால் என்னை உட்காரச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

மாலையில் கிளம்பும்போது முதலாளி கணக்கரின் மேஜையருகே நின்றார். “மிஷின் ப்ராப்ளமாம்” என்றார். அவருக்குத் தெரிந்த வரையில் அது மன்னிப்புக் கேட்பதுதான். பையிலிருந்து பீரோ சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

கணக்கர் சாவியைத் தொடவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

“மிஷினா சார் என்கிட்ட சாவிய வாங்கிச்சி?”

முதலாளி படியிறங்கிப் போய்விட்டார். அந்த வருடத்துக் கணக்கை முடித்துக் கொடுக்கும் வரைக்கும் கணக்கர் வேலைக்கு வந்தார். ஒருநாளும் தாமதமாக வரவில்லை, ஒருநாளும் பேசாமல் போகவில்லை. பிறகு உடம்பு முடியவில்லை என்று நின்றுவிட்டார். குறிஞ்சிப்பாடியில் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதுகிறார் என்று கொஞ்ச நாளில் தெரியவந்தது. அவருடைய உடம்புக்கு ஒன்றுமில்லை.

அவர் போனபின் முதலாளி கணக்கையும் என்னையே பார்க்கச் சொன்னார். பீரோ சாவியை என்னிடம் கொடுத்தார். வேறு ஆள் வைக்கச் செலவு என்பதுதான் காரணம். ஆனால் நான் கணக்கரின் நாற்காலிக்கு மாறிய அன்று அக்கா என்னிடம் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்கடுத்த நாள் நானே போய்க் கேட்டேன்.

“என்னக்கா கோவம்?”

“கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. எல்லா மிஷினுக்கும் நம்பர் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். லைன் போனதும் நீ சொல்லித்தான் தெரிஞ்சுது, வந்ததும் நீ சொல்லித்தான் தெரிஞ்சுது. இப்ப அவரு சீட்டுல நீ உக்காந்திருக்க. நான் ஒண்ணும் சொல்லலம்மா.”

“அக்கா, அந்த நம்பர் முதலாளியோட மச்சான் போட்டது.”

“நான் பாக்கலயே.”

உண்மைதான், அவர் பார்க்கவில்லை. நான் உள்ளே போனேன், கதவு சாத்தியிருந்தது, வெளியே வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. கறுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தவருக்கு அவ்வளவுதான் தெரியும். நான் அதற்கு மேல் என்ன சொன்னாலும் அது என் வாயிலிருந்து வருவதாகத்தான் இருக்கும். எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழக்கூடாது என்று கணக்கு அறைக்குள் போய்ப் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த வேலையில் அதன்பிறகும் இருந்தேன். அக்கா மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தார். தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது பயோடேட்டாவை என்னிடமே அடிக்கக் கொடுத்தார். ஆனால் எதையாவது பிரிண்ட் கொடுத்துவிட்டு ஓடுவதை மட்டும் கடைசி வரை விடவில்லை.

கணக்கரை ஒருமுறைதான் பார்த்தேன். டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் பார்த்துக்கொள்ள எனக்குக் கான்ட்ராக்டில் இடம் கிடைத்து, பழைய வேலையை விட்டிருந்த சமயம். குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். முகம் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. வீட்டில் எல்லோரும் நலமா, கல்யாணம் ஆகிவிட்டதா என்றெல்லாம் விசாரித்தார். உரக்கடையில் கம்ப்யூட்டர் இல்லை, நிம்மதி என்றார். நானும் சிரித்தேன்.

பிறகு பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே, “ஒண்ணு கேக்கறன் பாப்பா, தப்பா எடுத்துக்காத” என்றார்.

“கேளுங்க சார்.”

“அந்த நம்பரு. அது தானாத்தான் அப்பிடி வந்துதா?”

அவர் எங்கள் எல்லோரையும்விட நியாயமான மனிதர் என்று நான் நினைத்திருந்தேன். இத்தனை காலம் இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் ஒயரைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்ததைப் பார்த்துவிட்டு நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று அவரிடம் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். சொல்லவில்லை.

“தானாத்தான் சார் வந்துது. சத்தியமா.”

“சரி சரி. சும்மாதான் கேட்டன்.”

நம்பினாரா என்று முகத்தைப் பார்த்தேன். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. கடலூர் பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்தது. அவர் பையை முன்னால் பிடித்துக்கொண்டு ஏறினார். உட்கார இடம் கிடைத்ததா என்று தெரியவில்லை. பஸ் திரும்பும் வரைக்கும் நின்று பார்த்தேன். ஜன்னல் பக்கம் அவர் வரவில்லை.